அக்கா குப்புறப் படுத்துப் பார்த்த பூக்கள்

எங்கள் அக்காவை நினைத்து இன்று வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், வர முடியாமல் இந்த நினைவு மலரைத் தபாலில் பெறுகிறவர்களுக்கும் வணக்கம். ஓர் ஆண்டு போய்விட்டது என்று நாட்காட்டி சொல்கிறது. எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை இன்னும் முடியவில்லை.

இந்தக் கட்டுரையை லண்டன் டூட்டிங்கில் இருக்கும் மாமாதான் எழுதுவதாக இருந்தது. அம்மாவின் அண்ணனான அவருக்குச் செத்த வீட்டுத் தமிழ் நன்றாக வரும். நான் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஃபாரஸ்ட் கேட்டில் கார் டயர் மாற்றப் போனவன். ஆனால் அம்மா, "அவன்தான் எழுத வேணும். அவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். மாமா எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தார். இரண்டு இடங்களை வெட்டவும் பார்த்தார். அம்மா விடவில்லை.

அக்கா பருத்தித்துறைக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் அவரை ஜெர்மனிக்குக் கூட்டிப் போனார்கள். நான் ஜெர்மனியில் பிறந்தேன். எங்களுக்கு இடையில் பதினான்கு வருடம். "நீ விலாசம் மாறி வந்த பார்சல்" என்று அக்கா என்னைச் சொல்வார். "திருப்பி அனுப்பவும் ஏலாது, ரசீது இல்லை." எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அப்பா காலமானார். அப்போது அக்காவுக்குப் பதினெட்டு. மாமா லண்டனுக்கு வரச் சொன்னார். வந்தோம். விடியற்காலையில் பேக்கரியிலும் பின்னேரத்தில் கடையிலும் நின்று அம்மாவையும் என்னையும் பார்த்தவர் அக்கா. பிறகு பஸ் ஓட்டப் படித்தார். சாகும் வரை பஸ் சாரதி.

மாமா வெட்டப் பார்த்த முதல் இடம் இது. ஒருநாள் மாமா அக்காவின் பஸ்ஸில் பயண அட்டையை மெஷினில் தட்டாமல் ஏறினார். "என்ர மருமோள்தான் ஓடுறாள்" என்று பின்னால் நின்றவர்களுக்கும் சொன்னார். அக்கா எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மாமா திரும்பி வந்து அட்டையைத் தட்டும் வரை பஸ் அசையவில்லை. அக்காவின் நேர்மைக்கு வேறு உதாரணம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்கிறவர்கள் அக்காவிடமே கேட்டிருக்கலாம். கேட்ட சிலர் இங்கே இருக்கிறீர்கள். இரண்டாம் தடவை நீங்கள் கேட்கவில்லை என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இல்ஃபோர்ட்டில் இந்த வீட்டை வாங்கியபோது எங்கள் எல்லோருக்கும் பிடித்தது முன் அறை. அக்காவுக்குப் பிடித்தது பின் வளவின் கடைசி. அங்கே ஒரு ஓக் மரமும் மூன்று ஹோர்ன்பீம் மரங்களும் நிற்கின்றன. வீடுகள் வருவதற்கு முன்னால் இருந்த காட்டில் மிஞ்சியவை என்று அக்கா சொல்வார். அவற்றின் கீழே ஐவிக் கொடியும், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன உடைந்த குளிர்சாதனப் பெட்டியும் கிடந்தன. அம்மாவுக்குக் கத்தரியும் மிளகாயும் வெந்தயக் கீரையும் போட வீட்டோடு இருந்த பாதி. மரத்தடி அக்காவுக்கு. அதில் இந்த நாட்டுக் காட்டுப் பூக்களைத்தான் வைப்பேன், வேறு எதையும் வைக்க மாட்டேன் என்று சொன்னார்.

முதல் குளிர்காலம் கொடியைப் பிடுங்குவதிலேயே போனது. பிறகு பிரிம்ரோஸ் வைத்தார். வெளிர் மஞ்சள் பூ. அடுத்த வருடம் ஒரு கடதாசிப் பையில் கருகிய ஈர்க்குத் துண்டுகள் போல எதையோ கொண்டுவந்து சருகுக்குக் கீழே புதைத்தார். அதுதான் வுட் அனிமோனியின் கிழங்கு என்றார். நான் அதை வாங்கின காசுக்கு அழுதேன். வசந்தத்தில் அந்த ஈர்க்கு வெள்ளைப் பூவாக எழும்பி நின்றது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. வெயில் பட்டால் விரியும், முகில் வந்தால் குவியும். அதற்குப் பிறகு புளூபெல், காட்டுப் பூண்டு. மரங்களுக்கு இலை வருவதற்கு முன்பு, நிலத்தில் வெயில் விழும் ஆறேழு கிழமைக்குள் எல்லாம் பூத்து முடிந்துவிடும். ஜூனில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

"எங்கட சொந்தக்காரர் மாதிரி" என்று நான் சொன்னேன். "திருவிழாவுக்கு வந்து சாப்பிட்டிட்டு ஆளையே காணேலாது."

"அவை அடுத்த வருசமும் வருவினம்" என்றார் அக்கா. "நீ வாறாய்தானே, சாப்பாட்டுக்கு."

இந்த வீட்டுக் குடிபூரலுக்கு மாமா தொட்டியில் புளூபெல் கொண்டுவந்தார். அக்கா அதை அங்கே வைக்க விடவில்லை. அது ஸ்பெயின் நாட்டுப் புளூபெல்லாம். இங்கத்தைய புளூபெல்லோடு கலந்து அதை இல்லாமல் பண்ணிவிடுமாம்.

"நாங்களே ரண்டு நாடு மாறி வந்து இஞ்சை குந்தியிருக்கிறம்" என்றேன். "பூவுக்கு மட்டும் ஏன் பாஸ்போட் பார்க்கிறியள்?"

"நாங்கள் வந்து ஒருத்தரையும் அழிக்கேல்லை. இது அழிக்கும். வாயை மூடிக்கொண்டு தொட்டிக்குத் தண்ணி ஊத்து."

அம்மாவோடு சண்டை சருகுக்குத்தான். நிலத்தை மூடிக் கிடக்கும் சருகைத் தொடக்கூடாது, அதுதான் அந்தக் கிழங்குகளுக்குப் போர்வை என்பது அக்காவின் சட்டம். "விளக்குமாறு படாத வளவில மூதேவிதான் இருப்பாள்" என்பது அம்மாவின் சட்டம். எட்டு வருடமாக இரண்டு சட்டமும் அமலில் இருந்தன. அம்மா தன் பாதியைக் கூட்டுவார். கோடு கீறியதுபோல ஓர் இடத்தில் விளக்குமாறு நிற்கும். அதற்கு அப்பால் அம்மா கால் வைக்க மாட்டார்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அது தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது விளங்காது. அந்த வெள்ளைப் பூவை நின்று பார்த்தால் முழுதாகத் தெரியாது. அதனால் அக்கா நடுவில் போட்ட பலகையில் தன் பஸ் உத்தியோகத்து மழைச் சட்டையை விரித்து, குப்புறப் படுத்து, முகத்தைப் பூவோடு வைத்துக்கொண்டு கிடப்பார். அரை மணி நேரம் அசையாமல் கிடப்பார். நான் என்ன பகிடி விட்டுச் சிரிக்க வைக்கப் பார்த்தாலும் பதில் வராது. நான் களைத்துப் போகும் வரை பேசாமல் கிடப்பது அவருடைய விளையாட்டு. நான் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவேன். "காணவில்லை. பஸ் சாரதி. கடைசியாகக் கண்ட இடம் மண்." நீங்கள் எல்லோரும் சிரிப்பு முகம் போடுவீர்கள். ஒவ்வொரு வசந்தமும் நடந்தது இது.

போன மார்ச் கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு லீவு. அம்மா மாமா வீட்டுக்குப் போயிருந்தார். நான் அப்போது ஃபாரஸ்ட் கேட்டில் அறை எடுத்து இருந்தேன். எனக்கும் லீவு, அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். பக்கக் கேற்றால் வளவுக்குள் போனேன். அக்கா பலகையில் படுத்திருந்தார்.

"என்ன அக்கா, மண்ணுக்குள்ள ஆரோட கதைக்கிறியள்?"

"மிதிக்காதை. சப்பாத்துக்குக் கீழ பார்."

பார்த்தேன். என் காலுக்குக் கீழே, சருகுக்குள் ஒரு பச்சை முனை. "இது புல்லு" என்றேன்.

"புல்லு உன்ர மண்டைக்குள்ள. பலகையில ஏறு."

ஏறினேன். அக்கா நாடியைக் கையில் ஊன்றியபடி, "நெஞ்செரிவா கிடக்கடா. ராத்திரிக் கொத்துரொட்டி" என்றார்.

"மூண்டு பேரின்ர கொத்தை ஓராள் திண்டால் நெஞ்சு எரியாமல் பாட்டே படிக்கும்?"

அக்கா சிரித்தார். வாய்விட்டு, பூ ஆடும் அளவுக்குச் சிரித்தார். "போடா. இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி கொண்டு வா" என்றார்.

நான் திரும்பும்போது ஒரு படம் எடுத்தேன். குசினிக்குப் போகிற வழியிலேயே குழுவில் போட்டேன். "இன்றைய சிறப்புச் செய்தி: சாரதி மண்ணோடு பேச்சுவார்த்தை." கேத்திலைப் போட்டேன். இஞ்சியைத் தேடினேன். உங்கள் சிரிப்பு முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாமாவுக்குப் பதில் எழுதினேன். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் போயிருக்கும். தேத்தண்ணியைக் கொண்டுபோய் அக்காவின் கைக்குப் பக்கத்தில் பலகையில் வைத்தேன். கவிழ்த்து வைத்த வாளியில் இருந்துகொண்டு, மாமா என்ன எழுதினார் என்று வாசித்துக் காட்டினேன். பதில் இல்லை. விளையாட்டு என்று நினைத்தேன். இன்னும் இரண்டு பகிடி விட்டேன்.

ஒரு பெரிய வண்டு பிரிம்ரோஸில் இருந்து எழும்பி வந்து அக்காவின் கன்னத்தில் இருந்தது. அங்கிருந்து கண்ணிமைப் பக்கம் நடந்தது. இமை ஆடவில்லை.

நான் செத்துப்போன என் அக்காவோடு பகிடி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. போனில் ஒரு பெண் குரல் அவரைத் திருப்பச் சொன்னது, நெஞ்சில் அழுத்தச் சொன்னது, எண்ணச் சொன்னது. எண்ணினேன். அம்புலன்ஸ் ஆட்கள் வந்து மண்டியிட்டார்கள். பெட்டிகளை வைத்தார்கள். மிதிக்காதை என்று அக்கா சொன்ன இடம் முழுவதும் சப்பாத்துகள். அதில் முதல் சப்பாத்து என்னுடையது. முகில் வந்து, மிஞ்சிய பூக்கள் எல்லாம் குவிந்திருந்ததையும் பார்த்தேன். அதை ஏன் பார்த்தேன் என்று தெரியாது. தேத்தண்ணிக் கோப்பை சரியாமல் பலகையிலேயே இருந்தது.

மாமாவுக்குப் போன் எடுக்க முன்பு நான் செய்த முதல் வேலை குழுவில் இருந்த படத்தை அழித்தது. பிறகு அவரிடம், "நான் வந்து பார்க்கேக்கை மூச்சில்லாமல் கிடந்தா" என்றேன். படத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பழைய படம் என்று சொன்னேன். நெஞ்சு எரிகிறது என்று சொன்ன அக்காவைப் படம் எடுத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். நான் பொய் சொல்கிறவன் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பகிடிக்காரன் என்றுதான் நினைத்திருந்தீர்கள்.

ஆனால் அந்தப் பொய்யைச் சுமந்தவர் அம்மா. வந்தவர் போனவர் எல்லோரிடமும் அம்மா ஒரே கதையைத்தான் சொன்னார். "ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமல், என்ர பிள்ளை தனியக் கிடந்து போயிட்டாள். பக்கத்தில ஒரு சீவன் இல்லை." நான் பக்கத்து அறையில் கதிரை அடுக்கிக்கொண்டு அதைக் கேட்பேன். நான்கு கிழமையாகக் கேட்டேன். வாய் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிரியைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமா வந்தார். கூடாரம் போடவும் சமையலுக்கு அடுப்பு வைக்கவும் இடம் பார்த்தார். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், கிரியை வீட்டில் முதலில் பார்ப்பது வளவு கூட்டிக் கிடக்கிறதா என்பதைத்தான். மாமா புல்லு வெட்டும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு மரத்தடி முழுக்கப் புளூபெல். நீலம் என்று சொல்கிறார்கள், எனக்கு அது புகை மாதிரித் தெரிந்தது. இடையில் காட்டுப் பூண்டின் வெள்ளை.

"உந்தப் பற்றையை வழிச்சுப் போட்டால் எட்டு அடுப்பு வைக்கலாம்" என்றார் மாமா. "சருகையும் அள்ளு. சனம் வந்து பார்த்தால் என்ன சொல்லும்?"

"அது பற்றை இல்லை மாமா. வெட்டேலாது."

"இன்னும் ரண்டு கிழமையில தானாச் சாகிற பூவுக்கு ஏனடா நிக்கிறாய்?"

"இலை பச்சையா இருக்கேக்கை வெட்டினால் கிழங்கும் செத்துப்போகும். அடுத்த வருசம் வராது."

"அடுத்த வருசம் பார்க்க ஆர் இருக்கினம்? தள்ளு."

அவர் மெஷினைக் கிளப்பினார். நான் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்தினேன். "மிதிக்காதை எண்டு அக்கா எனக்குச் சொன்னவ. அண்டைக்குச் சொன்னவ."

மாமா மெஷினை நிறுத்தினார். "எண்டைக்கு?"

நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"டேய், எண்டைக்குச் சொன்னவள்? நீ வரேக்கை அவள் உயிரோட இருந்தவளோ?"

குசினிப் படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழும்பினார். விளக்குமாறு நிற்கும் கோட்டைத் தாண்டினார். எட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சருகில் கால் வைத்து, பலகையில் ஏறி, எனக்கு முன்னால் வந்து நின்றார். கையில் கீரைத் தண்டு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்செரிவு, கொத்துரொட்டி, படம், பொய், வண்டு.

"உனக்கு அறிவெண்டு ஏதும் கிடக்கோடா?" என்றார் மாமா. "நெஞ்சு எரியுது எண்டவளைப் படம் எடுத்தனியோ? நானும் அதைப் பார்த்துச் சிரிச்சனானே."

அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"சிரிச்சவளோ?" என்று கேட்டார் அம்மா.

"ஓம்."

"என்னத்துக்கு?"

"மூண்டு பேரின்ர கொத்தைத் திண்டது எண்டு சொன்னதுக்கு."

அம்மா பூக்களைப் பார்த்தார். "ஓம், திண்டிருப்பாள்" என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பினார். "அண்ணை, அடுப்பை வேற எங்கையும் வையுங்கோ."

அடுப்பும் கூடாரமும் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மையாரின் புல்தரையில்தான் போடப்பட்டன. நடுவேலியில் மூன்று பலகையைக் கழற்றி வழி விட்டோம். மாமாவே திருகாணி கழற்றினார். சாப்பிட்ட உங்களில் பலருக்கு அது எங்கள் வளவு இல்லை என்றே தெரியாது.

அறையை விட்டுவிட்டு நான் அம்மாவோடு இருக்க வந்தேன். அம்மா ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். முதலில் அழுதார். பிறகு திருத்தத் தொடங்கினார். "நேற்று முதல் நெஞ்செரிவு எண்டனீ, இண்டைக்கு முதல் புல்லு எண்டுறாய். ஒழுங்காச் சொல்லு." இருதயம் நின்றது ஒரு கணத்தில், நான் பக்கத்தில் நின்றிருந்தாலும் பலன் இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். நான் அதை நம்புகிறேனா என்று எனக்கே தெரியாது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் அவருக்கு வேண்டியது அது இல்லை. அம்மாவின் கேள்வி ஒன்றுதான். அந்தப் பத்து நிமிடம் பிள்ளை தனியாகக் கிடந்தாளா?

நான் திரும்பவும் கேற்றில் இருந்து சொல்லத் தொடங்குவேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். போனில் என்னோடு சேர்ந்து எண்ணிய அந்தப் பெண்ணுக்கு, பூக்களுக்கு நடுவில் மண்டியிட்டவர்களுக்கு, புல்தரையைத் தந்த அம்மையாருக்கு, சீருடையோடு வந்து அக்காவைத் தூக்கிய பஸ் சாரதிகளுக்கு, எட்டு நாளும் சமைத்துக் கொண்டுவந்த உறவுகளுக்கு, தன் போனில் அழியாமல் கிடந்த அந்தப் படத்தை இந்த மலருக்குத் தந்த மாமாவுக்கு. எதிர்ப் பக்கத்தில் இருப்பது அதுதான். சேலை கட்டிய படம் போட வேண்டும் என்றுதான் மாமா நின்றார். அவர் வெட்டப் பார்த்த இரண்டாவது இடம் அது. அன்றைக்குச் சிரிப்பு முகம் போட்டவர்கள் ஒருவரும் கூனிக்குறுக வேண்டாம். அதற்கு ஒரு நிமிடம் முன்பு அக்காவும் சிரித்தவர்தான்.

போன வருட மே நடுவில் ஒரு காலை, புளூபெல் முடிகிற நேரம், அம்மா என்னை வளவுக்குக் கூப்பிட்டார். அக்காவின் மழைச் சட்டையைப் பலகையில் விரித்திருந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, குப்புறப் படுத்தார். எழுபதுக்குக் கிட்ட வயது. நான் பதறிப்போனேன்.

"என்னம்மா செய்யிறியள்? எழும்புங்கோ."

"நீ போ. போய் அண்டைக்கு மாதிரி தேத்தண்ணி போடு. ஒண்டும் விடாமல் செய்."

போனேன். கேத்திலைப் போட்டேன். அலுமாரிகளைத் திறந்து மூடினேன். அன்றைக்குச் செய்தது செய்யச் செய்யத்தான் ஞாபகம் வந்தது. யன்னல் அன்றைக்குப் போலவே திறந்திருந்தது. அன்றைக்கும் நான் இப்படிக் கத்திக்கொண்டுதான் இருந்தேன். "இஞ்சியை எங்கையக்கா ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கத்தினேன். "சாரதிக்குத் தேத்தண்ணி, எனக்குச் சோறு, ஞாபகமிருக்கட்டும்" என்று கத்தினேன். என் குரல் டயர்க் கடையில் மெஷின் சத்தத்தை மீறிப் பழகியது. ஒண்டும் விடாமல் செய் என்று அம்மா சொல்லியிருந்தார். மாமாவின் செய்தியை வாசித்துச் சத்தமாகச் சிரித்ததையும் செய்தேன்.

தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது அம்மா அதே மாதிரிக் கிடந்தார். ஒரு கன்னத்தில் சருகு ஒட்டியிருந்தது. நான் வாளியில் இருந்தேன். அம்மா தலையைத் திருப்பாமலே பேசினார்.

"கேக்குதடா. எல்லாம் கேக்குது. நீ கேத்திலோட சண்டை பிடிக்கிறது, இஞ்சிக்கு ஏசுறது, எல்லாம்."

"ஓமோ அம்மா?"

"ஓம். அவள் தனியக் கிடக்கேல்லை. உன்ர சத்தம் இருந்தது." அம்மா கையை நீட்டிக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். "அதை எழுது. அதை எழுதிப்போட்டு எல்லாருக்கும் குடு."